பெல்சியா பேர்ல ஓடுனவ

முன்னால மூணாவது சீட்டப் பாருங்க அண்ணாச்சி. இப்பவே பாக்காதீங்க, பைய பாருங்க. கனகாம்பரம் வச்ச ஒரு பொம்பள இருக்கா, அவ பக்கத்துல ஜன்னலோரம் ஒரு பிள்ளை, நீலச் சுடிதார், ஒத்தச் சடை. பாத்தாச்சா? இனி இந்தப் பக்கம் திரும்பிருங்க. நாம பாக்கது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

முப்புடாதின்னு பேரு. அஞ்சாயிரம் மீட்டர் ஓடுதவ. இந்தச் சுத்து வட்டாரத்துல அவள மாதிரி ஓட ஆள் கிடையாது. அத நானே சொல்லக்கூடாது, ஏன்னா அவள ஓட வச்சவன் நான். அப்பேர்ப்பட்ட பிள்ளை காலையில தென்காசி ஸ்டாண்டுல பஸ் ஏறும்போது என்னப் பாத்துட்டு, பாக்காத மாதிரி போயி முன்னால உக்காந்துட்டா. ஒரு வணக்கம் கிடையாது. அவ அம்மையாவது தலைய ஆட்டுனா. இவ அதுவும் இல்ல.

நீங்க எதுவரைக்கும்? பேட்டையா? சரி, நான் அதுக்கு முந்தி யுனிவர்சிட்டில இறங்கணும். அவளும் அவ அம்மையும் அங்கதான். மூணு பேரும் ஒரே விசாரணைக்குத்தான் போறோம், பாத்துக்கிடுங்க. அங்க நான் வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா இவளுக்கு ரயில்வே வேலை. சொல்லலைன்னா கிடையாது. இவ பொழப்பு என் நாக்குல இருக்கு. அப்படி இருக்கும்போது ஒரு பிள்ளை எப்படி நடந்துக்கிடணும்? நீங்களே சொல்லுங்க.

தூங்கணும்னா தூங்குங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். இல்லையா? அப்பச் சரி. முதல்ல இருந்து சொன்னாத்தான் நியாயம் எந்தப் பக்கம்னு உங்களுக்கு விளங்கும்.

என் பேரு ஞானதிரவியம். பெரியவர் காலேஜ்ல பிசிக்கல் டைரக்டர். எங்க ஊர்ல பெரியவர் காலேஜ், சின்னவர் காலேஜ்னு ரெண்டு இருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, வெல்ல மண்டி வச்சிருந்தவங்க, சேர்ந்துதான் ஒரு காலேஜ ஆரம்பிச்சாங்க. பிறகு ஒரு கல்யாண வீட்டுல சம்பந்தியப் பந்தியில எங்க உக்கார வைக்கதுன்னு சண்டை வந்து பிரிஞ்சுட்டாங்க. தம்பி பக்கத்து வயல வாங்கி இன்னொரு காலேஜ் கட்டுனாரு. நடுவுல அண்ணன் சுவரு எழுப்புனாரு. தம்பி அது மேல கண்ணாடிச் சில்லு பதிச்சாரு. ரெண்டு பேரும் போய்ச் சேந்தாச்சு, சில்லு மட்டும் அப்படியே இருக்கு.

சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கவனுக்கு அந்தப் பக்கம் இருக்கவன் ஆகாது. பிரின்சிபாலுக்குப் பிரின்சிபால் ஆகாது, வாட்ச்மேனுக்கு வாட்ச்மேன் ஆகாது. எங்க கேன்டீன்காரன் அவனுவ கேன்டீன்காரன் தங்கச்சியக் கட்டிட்டு, மாமியார் வீட்டு வாசப்படிய ரொம்ப வருசம் மிதிக்கல. மிதிச்சா எங்க கரெஸ்பாண்டன்ட் கேன்டீனக் காலி பண்ணச் சொல்லிருவாரு.

படிப்புல எந்தக் காலேஜ் உசத்தின்னு எங்க ஊர்ல ஒரு பயலும் கேக்க மாட்டான். யுனிவர்சிட்டி தடகளப் போட்டியில ஷீல்டு யாருக்குன்னுதான் கேப்பான். ஷீல்டு ஜெயிச்சா அத வேன்ல வச்சு, மேளத்தோட ஊரச் சுத்திட்டு வந்து, தோத்த காலேஜ் கேட்டுக்கு முன்னால வண்டிய நிறுத்தி ஒரு சரவெடி போடணும். அது வழக்கம். தோத்தவன் கேட்டப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருக்கணும். அதுவும் வழக்கம். அட்மிஷன் நேரத்துல, போன வருசம் வெடி எந்த கேட்டுல வெடிச்சுதுன்னு கேட்டுட்டுத்தான் தகப்பன்மாருவ பிள்ளையச் சேப்பாங்க. சிரிக்காதீங்க, உள்ளதச் சொல்லுதேன். எங்க கரெஸ்பாண்டன்ட் வருசா வருசம் என்னக் கூப்பிட்டு, "மாஸ்டர், வெடி அங்க வெடிக்கணும், சத்தம் இங்க கேக்கணும்"னு சொல்லுவாரு. நானும் கேக்க வச்சுட்டுத்தான் இருந்தேன், கோமதிநாயகம் குறுக்க வர்ற வரைக்கும்.

கோமதிநாயகம் யாருன்னு சொல்லணும்லா. சின்னவர் காலேஜ் பிசிக்கல் டைரக்டர். அதுக்கு முந்தி அவன் யாரு? என்கிட்டத் தடை ஓட்டம் பழகுனவன். எங்க காலேஜ்ல படிச்சு, எங்க மெஸ்ஸுல தின்னு, எங்க கிரவுண்டுல முழங்காலப் பேத்துக்கிட்டவன். கடைசியில சுவரு தாண்டி அங்க போயி வேலைக்குச் சேந்துட்டான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, நான் கண்ணால பாத்தவன். எங்க பாத்தாலும் "மாஸ்டர், நல்லாயிருக்கீங்களா"ம்பான். நான் பதில் சொல்லுததில்ல. நல்லாயிருக்கேனா இல்லையான்னு அவனுக்கு என்ன?

பாவூர்சத்திரம் வந்துட்டா? கூட்டம் ஏறுது பாருங்க. அவ திரும்பிப் பாக்காளான்னு பாருங்க. இல்லையா? ம்.

இந்தப் பிள்ளைய நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, அது ஒரு கூத்து. அப்ப பிளஸ் டூ படிச்சிட்டு இருந்தா. பீடி சுத்துத வீடு. காலையில அம்மை சுத்துன பீடியக் கடையில குடுத்துட்டு ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு எங்க கிரவுண்டுக்குள்ள புகுந்து ஓடுவா, குறுக்கு வழின்னு. வாட்ச்மேன் கம்பத் தூக்கிட்டு விரட்டுவாரு. பிடிக்க முடியாது. பத்து அடி முன்னால போயி நின்னு திரும்பிப் பாத்துச் சிரிச்சிட்டு மறுபடியும் ஓடுவா. நான் வாட்ச்மேன்ட்ட, "வே, நிறுத்திராதயும், தினமும் விரட்டும்"னு சொன்னேன். ஒரு வாரம் விரட்ட விட்டுத்தான் அவ காலு என்ன காலுன்னு அளந்தேன். பிறகு கூப்பிட்டு, ஸ்கூல் விட்டதும் இங்க வந்து பழகுட்டின்னேன். வந்தா. வாட்ச்மேனுக்குத்தான் வருத்தம், இனி யார விரட்டன்னு.

அந்த வருசம் யுனிவர்சிட்டி தடகள மீட்டு வந்துது. எங்க காலேஜ்ல பெல்சியான்னு ஒருத்தி அஞ்சாயிரம் ஓடணும். முந்தின நாள் எவளோ சொந்தக்காரி கல்யாணத்துல பிரியாணியத் தின்னுட்டு, வயித்தாலப் போயி சுருண்டு படுத்துட்டா. அந்த ஒரு ஓட்டம் போனா ஷீல்டு போச்சு. சின்னவர் காலேஜ் வேன்ல சரவெடி தயாரா இருக்கு, என் கண்ணால பாத்தேன். என்ன செய்வீங்க நீங்க? முப்புடாதி வேடிக்கை பாக்க வந்திருந்தா, நான்தான் கூட்டிட்டு வந்திருந்தேன். பெல்சியா பனியன அவளுக்குப் போட்டுவிட்டு, பெல்சியா நம்பர இந்தக் கையால ஊக்கு குத்தி மாட்டுனேன். "ஏட்டி, இன்னைக்கு உன் பேரு பெல்சியா. யாரு கேட்டாலும் அதான்"னேன். "மாஸ்டர், இது தப்பில்லையா"ன்னு கேக்கா. "தப்பையும் சரியையும் நான் பாத்துக்கிடுதேன், நீ காலப் பாரு"ன்னேன்.

ஓடுனா பாருங்க அண்ணாச்சி. ரெண்டாவது வந்தவ கடைசி வளைவத் தாண்டல, இவ முடிச்சுட்டு எங்கிட்ட வந்து தண்ணி கேக்கா. ஷீல்டு எங்களுக்கு. சாயங்காலம் வெடி அவனுவ கேட்டுல.

நீங்க ஏன் மூஞ்சியச் சுளிக்கீங்க? ஆள் போடாத காலேஜ் உண்டா? கபடிக்கு வந்து பாருங்க, நரைச்ச மீசைக்கு மையடிச்சுட்டு வந்து பி.ஏ. முதல் வருசம்பான். வக்கீலுவ அதுக்கு ஆள்மாறாட்டம்னு பேரு வச்சிருப்பாங்க. எங்களுக்கு அது ஆள் போடுதது, அவ்வளவுதான். சமையலுக்கு ஆள் போட மாட்டோமா, அது மாதிரி.

அடுத்த வருசம் அவ சொந்தப் பேர்லயே எங்க காலேஜ்ல சேந்துட்டா. மூணு வருசம். பெத்த தகப்பன் அப்படிப் பாத்திருக்க மாட்டான், நான் பாத்தேன். மழை பெஞ்சாலும் விட மாட்டேன். காய்ச்சல்னு படுத்தா வீட்டுக்கு ஆள் விட்டு எழுப்பி வரச் சொல்லி, ஓடு, வேர்த்தாப் போயிரும்பேன். மாசாமாசம் வயித்து வலின்னு சில பிள்ளைக ஒதுங்கப் பாக்கும், அதெல்லாம் என்கிட்ட நடக்காது. ஒரு நாளு மயங்கி விழுந்துட்டா. ஒரு வாளித் தண்ணிய மேல ஊத்தி எழுப்பி மிச்ச ரவுண்ட முடிக்க வச்சேன். எந்த வாத்தியார் செய்வான் இந்த அளவுக்கு? மத்தவனா இருந்தா அன்னைக்கோட வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

கடைசி வருசம் முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குன்னு சொன்னா. ஓடுதவளுக்குக் காலு வலிக்காம மூக்கா வலிக்கும்? இறுக்கிக் கட்டுப் போட்டு மீட்டுல இறக்குனேன். ஜெயிச்சா. ஷீல்டு வந்துட்டு. ஆனா ஓடி முடிச்ச இடத்துலயே உக்காந்தவ எந்திரிக்கல. எனக்கு வேன்ல ஏறணும், மேளக்காரன் காத்திட்டு இருக்கான், கரெஸ்பாண்டன்ட் மாலையோட நிக்காரு. பிள்ளைய கூட இருக்க பிள்ளைக பாத்துக்கிடும்னு நான் ஏறிட்டேன். அந்த நேரம் பாத்து கோமதிநாயகம் வந்திருக்கான். அவளத் தூக்கித் தன் கார்ல போட்டு, பாளையங்கோட்டையில எலும்பு டாக்டர்ட்ட கொண்டு போயிருக்கான். எலும்புல கீறலாம். மாவுக்கட்டு போட்டு, அவ அம்மைக்குச் சொல்லி விட்டு, ராத்திரி அவன் பொண்டாட்டி போயி ஆஸ்பத்திரியில துணைக்கு இருந்திருக்கா.

அவன் வேலை புரியுதா உங்களுக்கு? பிள்ளை பிடிக்கவன் மிட்டாய் குடுப்பான். இவன் மாவுக்கட்டு போட்டான்.

கட்டுப் பிரிச்சதும் எம்.ஏ.வுக்கு அங்க சேந்துட்டா. என்கிட்ட சொல்லாமப் போனான்னு சொல்ல மாட்டேன், பொய் நமக்கு ஆகாது. டி.சி. வாங்க வந்த அன்னைக்கு என் ரூம் வாசல்ல வந்து, "மாஸ்டர், போயிட்டு வாரேன்"னா. நான் பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். நிமிரல. கொஞ்ச நேரம் நின்னா. பிறகு போயிட்டா. நான் நிமிராம இருந்ததுக்கு ஒரு அர்த்தம் உண்டு அண்ணாச்சி, போகாதட்டின்னு அர்த்தம். மூணு வருசம் கூட இருந்த பிள்ளைக்கு அது விளங்க வேண்டாமா?

ஆலங்குளம். டீ குடிக்கீங்களா? வேண்டாமா? அவ அம்மை இறங்குதா பாருங்க, முறுக்கு வாங்கப் போறா. இந்தப் பக்கமாத்தான் வரணும். வரட்டும், பேசுவா. ... போயிட்டா. முன் வாசலாவே ஏறிட்டா. மகளுக்கு வாங்கிக் குடுத்தத மக திங்கல, கையிலயே வச்சிட்டு இருக்கா. பயந்து போயிருக்காளாம். நேத்து ராத்திரி பூரா தூங்கலன்னு அந்த அம்மை ஸ்டாண்டுல யார்ட்டயோ சொல்லிட்டு இருந்தா, என் காதுல விழணும்னே சொன்ன மாதிரிதான் இருந்துது. பயம் இருக்கவ பக்கத்துல வந்து உக்காரணும்லா.

சரி, இந்த வருச மீட்டுக்கு வாரேன். அஞ்சாயிரம் ஓட வந்து நிக்கா, மஞ்சப் பனியன் போட்டுட்டு. சின்னவர் காலேஜ் பனியன். நான் பழக்குன காலு, நான் சொல்லிக்குடுத்த மூச்சு, அத வச்சு என் காலேஜ் பிள்ளையவே ஒரு ரவுண்டு முந்துதா. முடிச்சதும் கோமதிநாயகம் ஒரு துண்டக் கொண்டு போயி அவ தோள்ல போடுதான். அவ அவனப் பாத்துச் சிரிக்கா. மூணு வருசத்துல என்னப் பாத்து அப்படி ஒரு தடவ சிரிச்சதில்ல. முதல் முதல்ல வாட்ச்மேனப் பாத்துச் சிரிச்சாளே, அந்தச் சிரிப்பு.

நான் நேரா அப்பீல் கமிட்டி பந்தலுக்குப் போனேன். ஷீல்டு குடுக்கதுக்கு முந்தி நிறுத்தணும். எங்க கரெஸ்பாண்டன்டும் கூடவே வந்தாரு. கமிட்டியில நாலஞ்சு பேராசிரியர்மாரு, ஒரு ஓரத்துல கோமதிநாயகம். நான் சொன்னேன், "இந்தப் பிள்ளை மோசடிக்காரி, ஓடத் தகுதி கிடையாது. நாலு வருசம் முந்தி இதே மீட்டுல பெல்சியாங்குற பேர்ல ஓடி ஏமாத்தியிருக்கா. தடை பண்ணணும்"னேன். எல்லாரும் நிமிந்து உக்காந்துட்டாங்க. கோமதிநாயகம் மூஞ்சி செத்துப் போச்சு. எனக்கு அந்த ஒரு நிமிசம் போதும்னு இருந்துது.

பிறகு ஒருத்தர் கேக்காரு, "பெல்சியா எந்தக் காலேஜ்?"னு. "எங்க காலேஜ்தான்"னேன். "அப்ப பிசிக்கல் டைரக்டர் யாரு?"ன்னாரு. "நான்தான்"னேன். கரெஸ்பாண்டன்ட் பின்னால நின்னு என் சட்டையப் பிடிச்சு இழுக்காரு. "உங்களுக்குத் தெரிஞ்சுதான் ஓடுனாளா?"ன்னு அந்தப் பேராசிரியர் கேட்டாரு. நான், "அப்பத் தெரியாது, அவளா வந்து ஓடிட்டா, பிறகுதான் தெரியும்"னேன். வேற என்ன சொல்ல? அத்தனை பேரு ஓடுத கிரவுண்டுல யாரு மூஞ்சிய யாரு பாக்கா? அதப் போயி பொய்ங்கான் கோமதிநாயகம். "மாஸ்டர், அப்பேர்ப்பட்ட வாத்தியார் நீங்க, உங்களுக்குத் தெரியாம ஒரு பிள்ளை உங்க பனியனப் போட்டுருமா"ன்னு எல்லார் முன்னாலயும் நாக்கப் பிடுங்குத மாதிரி கேட்டான். புகழுத மாதிரி கேட்டான் பாருங்க, அதான் அவன் குணம்.

ஊர்ல என்ன பேசுதாங்க தெரியுமா? ஞானதிரவியம் சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டான்னு. நாலு வருசம் முந்தி ஜெயிச்ச ஷீல்ட எங்ககிட்ட இருந்து பிடுங்கிட்டாங்க. இந்த வருச ஷீல்ட அவனுவளுக்கும் குடுக்கல. அன்னைக்கு எந்த கேட்டுலயும் வெடி வெடிக்கல. எங்க காலேஜ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து அப்படி ஒரு சாயங்காலம் கிடையாது. கரெஸ்பாண்டன்ட் என்ன லீவு போடச் சொல்லிட்டாரு. வீட்டுல என் பொண்டாட்டியே, "உங்களுக்குக் குத்தணும்னா அவனக் குத்த வேண்டியதுதானே, அந்தப் பிள்ளையப் போயி குத்துனீங்களே"ங்கா. அவளுக்கு என்ன தெரியும் விளையாட்டப் பத்தி? இத்தனை பேருல உண்மையச் சொன்னவன் நான் ஒருத்தன். உண்மையச் சொன்னவனுக்கு இந்த ஊர்ல கிடைக்க மரியாதை இதுதான்.

இவளுக்குத்தான் தலையில கல்லு விழுந்த மாதிரி ஆயிட்டுது. ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எடுத்தாச்சு, ஆர்டர் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. யுனிவர்சிட்டி தடை பண்ணிட்டுன்னு கேட்டதும் நிறுத்தி வச்சுட்டான். இன்னைக்கு விசாரணை முடிஞ்சு குத்தமில்லன்னு சொன்னா வேலை. குத்தம்னு சொன்னா அம்மை கூட உக்காந்து பீடி சுத்த வேண்டியதுதான். அவளுக்கு அப்பா கிடையாது, சொன்னேனா? சின்னதுலயே தவறிட்டாரு.

போன வாரம் விசாரணைத் தலைவி காந்திமதி மேடம் எனக்குப் போன் பண்ணாங்க. "மாஸ்டர், அந்தப் பிள்ளை அப்ப ஸ்கூல் பிள்ளை. நீங்க சொல்லித்தான் ஓடுனேங்கா. நீங்க தெரியாதுங்கீங்க. பெல்சியா கல்யாணமாகி துபாய் போயிட்டா, போன எடுக்க மாட்டேங்கா. வேற சாட்சி கிடையாது. நீங்க நேர்ல வந்து, ஆமா, நான்தான் ஓட வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவள விட்டுருவோம். ரிட்டயர் ஆகப் போறவரு, உங்களையும் ஒரு கண்டிப்போட விட்டுருவோம்"னாங்க. நல்ல அம்மா. மரியாதையாத்தான் பேசுனாங்க. நானும் வாரேன்னு சொல்லிட்டேன்.

வாரேன்னுதான் சொன்னேன். சொல்லுதேன்னு சொல்லல.

என்ன கேக்கீங்க? சொல்லுததுல எனக்கு என்ன நட்டம்னா? நீங்களும் காந்திமதி மேடம் மாதிரியே பேசுதீங்களே. அங்க கோமதிநாயகம் உக்காந்திருப்பான் அண்ணாச்சி. அவன் முன்னால நான் நின்னு, அன்னைக்குச் சொன்னது இல்ல, இன்னைக்குச் சொல்லுததுதான் நிசம்னு சொல்லணும். அவன் எந்திரிச்சு, "நன்றி மாஸ்டர்"ம்பான். கும்பிடக்கூடச் செய்வான். அந்தக் கும்பிட நான் வாங்கிட்டு வீட்டுக்கு வரணுமா?

அதுக்கும் நான் தயார்தான். கல்லு மனசுக்காரன் இல்ல நான். ஆனா ஒண்ணே ஒண்ணு. இவ கேக்கணும். எந்திரிச்சு வந்து, "மாஸ்டர், நீங்க சொன்னாத்தான் எனக்குப் பொழப்பு"ன்னு ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் வேண்டாம். அடுத்த நிமிசம் நான் போயி சொல்லிருவேன். கோமதிநாயகம் கும்பிட்டாலும் சரி, விழுந்தாலும் சரி. என் காலடியில வளந்த பிள்ளைட்ட நான் இவ்வளவுகூட எதிர்பாக்கக் கூடாதா? வாயில இருந்து முத்தா உதிந்துரும்?

உங்களுக்குப் பிள்ளைக உண்டுமா? பொம்பளப் பிள்ளையா? ஒண்ணுதானா. என்ன படிக்கா? சரி சரி. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்னு. தெரியலையா? உங்க பிள்ளை தங்கமா இருக்கும் போல.

சீதபற்பநல்லூர் தாண்டியாச்சு. இனி பக்கம்தான். இன்னும் அவ திரும்பல. அம்மைதான் ரெண்டு தடவ திரும்பிப் பாத்தா, அதக் கணக்குல சேக்க முடியாது. பாருங்க, கையத் துடைக்கா. எந்திரிக்கா. நான் சொன்னேம்லா, ஸ்டாப்பு வரும்போது எல்லாத்துக்கும் புத்தி வரும்.

வாரா அண்ணாச்சி. நீங்க ஜன்னலப் பாருங்க. ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க.

என்னட்டி? ... ம். ... தெரியும், எனக்கு ஸ்டாப்பு தெரியாதா? ... நீ போ, நான் வாரேன். ... அதான் வாரேன்னு சொல்லுதேம்லா. அம்மைய இறக்கிவிடு, போ.

கேட்டீங்களா? கேட்டுட்டுத்தானே இருந்தீங்க. "வாங்க மாஸ்டர், ஸ்டாப் வந்துட்டு. நீங்க சொன்னாத்தான் எனக்கு வேலை"ங்கா. ஆமா, நான் கேட்ட வார்த்தைதான், இல்லங்கல. வார்த்தை கிடக்கட்டும். எப்படிச் சொன்னா பாத்தீங்களா? ஒரு கையில பை, ஒரு கையில கம்பியப் பிடிச்சிட்டு நிக்கா. கும்பிட்டாளா? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துதா? வாங்கன்னு சொல்லுதா, கூட்டிட்டுப் போக வந்தவ மாதிரி. நான் என்ன அவ வீட்டு வண்டிக்காரனா, வான்னா வர? இதெல்லாம் கோமதிநாயகம் சொல்லிக்குடுத்து அனுப்புனது. போயி கேளுங்க, இப்படிச் சொல்லு, மாஸ்டர் மசிஞ்சிருவாருன்னு சொல்லியிருப்பான். அவன் சொல்லிக்குடுத்தத என்கிட்ட ஒப்பிக்கா.

நான் இறங்கல. முடிவு பண்ணிட்டேன்.

கண்டக்டர் தம்பி, இங்க வாங்க. ஜங்ஷனுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. ஆமா, யுனிவர்சிட்டிக்குத்தான் எடுத்தேன், இப்ப ஜங்ஷனுக்குப் போறேன். ஒரு சோலி இருக்கு.

நீங்க எங்க எந்திரிக்கீங்க அண்ணாச்சி? இது பேட்டை இல்ல. பேட்டைக்கு இன்னும் நேரமிருக்கு, உக்காருங்க. அண்ணாச்சி, உங்களத்தான். பையை எதுக்கு எடுக்கீங்க? தம்பி, அவரு ஸ்டாப்பு மாறி இறங்குதாரு, சொல்லுங்க அவர்ட்ட. பேட்டைக்கு டிக்கெட் எடுத்த ஆளு. சொன்னீங்களா? தெரிஞ்சுதான் இறங்குதேங்காரா?

வழி பூரா எதுத்து ஒரு வார்த்தை பேசல. அமைதியான மனுசன். பேரு கூட நான் கேக்கல. அன்னா பாருங்க, அந்தப் பிள்ளை பின்னால வேகமாப் போறாரு. அவளக் கூப்பிடுதாரு. வழி கேக்காரு போல. அம்மையும் நின்னுட்டா. எவ்வளவு நேரம் வழி கேப்பாரு ஒரு மனுசன்? அவ கையில இருந்த பையக் கீழ வச்சுட்டா. மூணு பேரும் உள்ள போறாங்க தம்பி, கேட்டத் தாண்டி உள்ள போறாங்க. அவருக்கு அங்க என்ன சோலி? அவரு யாரு, நாங்க யாரு? சும்மா பக்கத்து சீட்டுல உக்காந்து, நான் சொன்னத எல்லாம் கேட்டுட்டு வந்தாரு.

வண்டிய எடுக்கச் சொல்லுங்க தம்பி.